ஈரலில் மூன்று புள்ளிகள்: புற்றுநோயுள்ள நாயை ஸ்கேனுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

செம்பியின் அடிவயிற்றுக் கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்த பிறகுதான் எங்கள் கையில் தட்டுப்பட்டது. அப்போது அவளுக்கு 11 வயது. கருத்தடை செய்யாத பெட்டை நாய். முலைக்கட்டி என்று மிருக வைத்தியர் சொன்னார். வெட்டி எடுப்பதற்கு முன், உள்ளே எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க வயிற்றை ஒலி அலை (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் செய்தோம். ஈரலில் மூன்று கறுத்த புள்ளிகள் தெரிந்தன. ஸ்கேன் செய்தவர் திரையைப் பார்த்தபடியே, “பரவிவிட்டது. இனி வெட்டிப் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள்” என்றார். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வரும்வரை ஓட்டோவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று கிழமைக்கு (வாரத்துக்கு) பிறகு, வேறொரு வைத்தியர் ஊசியால் கலங்களை (செல்களை) எடுத்துப் பார்த்தபோது, அந்தப் புள்ளிகளில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. வயது போன நாய்களின் ஈரலில் சாதாரணமாக வரும் முடிச்சுகள் அவை. கட்டியை வெட்டினோம். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் செம்பி எங்கள் வாசலில் கிடந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைத்தாள்.

நான் மிருக வைத்தியர் அல்ல. செம்பிக்குப் பிறகு இன்னொரு நாயையும் இதே வழியில் கொண்டுபோனேன். அயலவர்கள் சிலரோடும் துணைக்குப் போயிருக்கிறேன். முதல்முறை இந்த வழியில் இறங்குகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே நின்று என்ன கேட்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்: படம் ஈரலின் உருவத்தைக் காட்டும். அதற்குள் இருக்கும் கலங்களின் குணத்தைக் காட்டாது.

ஈரலை ஏன் பார்க்கிறார்கள்

குடல், மண்ணீரல், சதையி (கணையம்) ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஈரல் வாயில் நாளம் வழியாக ஈரலுக்குள் போய்த்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. அந்த உறுப்புகளில் தொடங்கிய புற்றுநோயிலிருந்து பிரிந்த கலங்கள் முதலில் சிக்கும் வடிகட்டி ஈரல்தான். நாய்களில் ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோயைவிட வேறிடத்திலிருந்து ஈரலுக்கு வந்து சேரும் புற்றுநோயே அதிகம். மண்ணீரலில் வரும் இரத்தக்குழாய்ப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், மாஸ்ட் கலக் கட்டி (பெரும்பாலும் தோலில் வருவது), குடல் மற்றும் சதையிப் புற்றுநோய்கள், மலவாய்ப் பை சுரப்பிப் புற்றுநோய் ஆகியவற்றில் ஈரலைப் பார்க்காமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. முலைக்கட்டி பெரும்பாலும் முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் போகும், ஈரலுக்கும் போகலாம்.

எங்கள் பக்கத்துத் தெருநாய்களில் நிறையக் காணும் பாலுறுப்புக் கட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புணர்ச்சியால் தொற்றும் அந்தக் கட்டி, பூக்கோசு போல வெடித்து இரத்தம் வடிவதால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது உள்ளுறுப்புகளுக்குப் பரவுவது அரிது. கிழமைக்கு ஒருமுறை வின்கிறிஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு தடவை போட்டாலே அநேகமான நாய்கள் முற்றாகக் குணமாகிவிடும். அந்த நாய்க்கு ஈரல் ஸ்கேனுக்கென்று கடன் வாங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புற்றுநோயுள்ள நாயின் ஈரலில் தெரியும் மாற்றம் எல்லாம் புற்றுநோய் அல்ல. இதை நம்புவதற்கு எனக்கும் காலம் எடுத்தது. வயது போன நாய்களின் ஈரலில் தீங்கில்லாத முடிச்சு வளர்ச்சி மிகச் சாதாரணம். புற்றுநோய்க்காகக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையே ஈரலைப் பெருக்கச் செய்து, ஸ்கேனில் வெளிறிக் காட்டும். உண்ணிக் காய்ச்சலில் மண்ணீரலும் ஈரலும் வீங்கும். மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு வயல் வரம்புகளில் திரிந்த நாய்க்குக் கண் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வைத்தியரிடம் போகும்முன் ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதுங்கள். நாயின் நிறை, முடிந்தால் கடந்த சில மாதங்களின் நிறையும். சாப்பாடு, வாந்தி, மலத்தின் நிறம். முரசின் (பல் ஈறின்) நிறம்: மேலுதட்டைத் தூக்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், இளஞ்சிவப்பா, வெளிறியதா, மஞ்சளா? நான்காவது, கொடுத்த மருந்து ஒவ்வொன்றும்.

இந்த நான்காவதில்தான் பலர் மறைக்கிறார்கள், அல்லது மறந்துவிடுகிறார்கள். நோவுக்கென்று வீட்டில் கிடந்த பரசிற்றமோல் மாத்திரையைக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அளவு மிஞ்சினால் அது நாயின் ஈரலைச் சிதைக்கும். மஞ்சள் காமாலைக்கென்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். தோல் சொறிக்காகப் போட்ட ஸ்டீரொயிட் ஊசி, வலிப்புக்காகக் கொடுக்கும் பீனோபாபிற்றோன் மாத்திரை, இரண்டுமே இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் மாற்றிக் காட்டும். திட்டு விழும் என்று பயந்து மறைத்தால், மருந்தால் வந்த மாற்றத்தை வைத்தியர் புற்றுநோய் என்று எண்ணிவிடலாம்.

முதலில் இரத்தம்

ஸ்கேனுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. முழு இரத்தக் கணக்கு, ஈரல் நொதிகள், பிலிருபின், அல்புமின், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான யூரியாவும் கிரியேற்றினினும். நொதிகளில் ஏ.எல்.ரி. என்பது ஈரல் கலங்கள் சேதமானால் உயரும். ஏ.எல்.பி. என்பது பித்தம் தடைப்பட்டாலும் உயரும், ஸ்டீரொயிட் கொடுத்தாலும் உயரும். ஸ்டீரொயிட்டால் உயரும் ஒரு தனி வகை ஏ.எல்.பி. நாய்களின் ஈரலில் உண்டு. அதனால் பிரெட்னிசொலோன் எடுக்கும் நாயின் ஏ.எல்.பி. பல மடங்கு கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம். லொமஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கும் நாயின் ஏ.எல்.ரி. கூடினால் மட்டும் அன்றே வைத்தியரிடம் பேசுங்கள். அந்த மருந்து ஈரலைக் கெடுக்கக்கூடியது.

நொதிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் ஈரலில் பரவல் இருக்கலாம். ஈரல் பெரிய உறுப்பு. ஒரு மூலையில் நோய் இருந்தாலும் மற்றப் பகுதி வேலையைச் செய்துவிடும். நொதி கூடிய நாயில் புற்றுநோய் இல்லாமலும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

எங்கள் பக்கத்தில் இரத்தத்தோடு சேர்த்துக் கட்டாயம் பார்க்க வேண்டியது, இரத்தம் உறைய உதவும் குருதிச்சிறுதட்டுகளின் எண்ணிக்கை. உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய்க்கு அது விழுந்து போயிருக்கும். பிறகு ஈரலில் ஊசி குத்திக் கலம் எடுக்க வேண்டி வந்தால், இந்த எண்ணிக்கை தெரியாமல் குத்துவது ஆபத்து. செம்பிக்கும் குறைவாகத்தான் இருந்தது. முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பிறகே ஊசி போட்டார்கள். மூன்று கிழமை போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரே எதற்கு

எக்ஸ்ரேயில் ஈரல் ஒரே சாம்பல் நிழலாகத்தான் தெரியும். உள்ளே புள்ளி இருக்கிறதா என்று காட்டாது. அது காட்டுவது அளவும் விளிம்பும். ஈரல் பெருத்திருந்தால் விலா வளைவுக்கு வெளியே தள்ளி நிற்கும், கூரான விளிம்பு மழுங்கியிருக்கும், இரைப்பை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். வயிற்றில் நீரோ இரத்தமோ சேர்ந்திருந்தால் எல்லா உறுப்புகளின் விளிம்பும் கலங்கிப்போகும். அப்போது எக்ஸ்ரேயை விட்டுவிட்டு நேரே ஸ்கேனுக்குப் போகலாம்.

எக்ஸ்ரேயின் பெரிய பயன் நெஞ்சில் இருக்கிறது. நுரையீரலில் பரவல் தெரிந்துவிட்டால் ஈரலைப் பற்றிய கேள்வியே மாறிவிடும். அதற்கு மூன்று கோணங்களில் எடுக்க வேண்டும்: வலப்பக்கம் படுக்கவைத்து ஒன்று, இடப்பக்கம் ஒன்று, மல்லாத்தி ஒன்று. பக்கவாட்டில் படுத்திருக்கும்போது கீழே இருக்கும் நுரையீரல் அமுங்கி, அதிலுள்ள முடிச்சுகள் மறைந்துவிடும் என்பதால்தான் இரண்டு பக்கமும் எடுக்கிறார்கள். ஒரு படம் போதும் என்றால், மற்ற இரண்டையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்போதும் சில மில்லிமீற்றருக்குக் குறைந்த முடிச்சுகள் எக்ஸ்ரேயில் அகப்படாது.

ஸ்கேன் நாள்

கருவி இருக்கிறதா, எந்த நாட்களில் பார்க்கிறார்கள், மாட்டுக்கும் எருமைக்கும் சினை பார்க்கும் கருவியா, நாயின் வயிறு பார்ப்பதற்கான கருவியும் அனுபவமும் உள்ளவரா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எங்கள் மாவட்டத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் பெரும் வேலை மாடும் எருமையும் ஆடும் கோழியும்தான். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு வைத்தியர் ஒரு நாளில் எத்தனை பட்டிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று நேரில் பார்த்தால் அவர்மீது கோபம் வராது. அவர் எழுதித் தரும் கடிதம் உங்களுக்குப் பெரிய உதவி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இலங்கையில் மிருக வைத்தியம் கற்பிக்கும் ஒரே பல்கலைக்கழகப் பீடம் பேராதனையில் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேயே. செங்கலடியிலிருந்து பதுளை ஊடாகச் செல்லும் ஏ5 வீதியின் மறுமுனை பேராதனைதான். ஆனால் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் போகிறவர்கள் பலர் மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிப் போவார்கள். வளைவில் நாய் வாந்தியெடுக்கும். ஸ்கேனுக்கு எப்படியும் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்பதால் இங்கே ஒரு வசதி. நள்ளிரவு கழிந்து புறப்பட்டால் வெயிலுக்கு முன் மலையேறிவிடலாம். நோயுள்ள நாயை ஆடி மாத வெயிலில் மூடிய வானுக்குள் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

வெறும் வயிறு என்றால் 8 முதல் 12 மணித்தியாலம் சாப்பாடு இல்லாமல். தண்ணீர் கொடுக்கலாம். இரைப்பையில் சோறும் காற்றும் இருந்தால் ஒலி அலைகள் அதைத் தாண்டி ஈரலுக்குப் போகாது. பித்தப்பையும் சாப்பிட்டவுடன் சுருங்கிவிடும். ஆனால் குட்டிகள், நீரிழிவு நாய்கள், இன்சுலின் சுரக்கும் சதையிக் கட்டி உள்ள நாய்கள் ஆகியவற்றைப் பட்டினி போட வேண்டுமா, எவ்வளவு நேரம் என்று வைத்தியரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். சர்க்கரை விழுந்து வழியிலேயே வலிப்பு வரலாம்.

வயிற்று மயிரைச் சிரைப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள்; மயிருக்குள் சிக்கிய காற்று படத்தைக் கெடுக்கும். திரும்ப வளரும். நாயை மல்லாத்தியோ பக்கவாட்டிலோ படுக்கவைத்து, முழு வயிற்றையும் பார்க்க அரை மணித்தியாலம் ஆகலாம். நீங்கள் தலைப்பக்கம் நின்று, காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, வழக்கமாகப் பேசும் குரலில் பேசுங்கள். பயந்த நாய்க்கு மயக்க ஊசி போடலாம். சில மயக்க மருந்துகள் மண்ணீரலைப் பெருக்கிக் காட்டும் என்பது ஸ்கேன் செய்பவருக்குத் தெரியும். எந்த மருந்து போடப்பட்டது என்பது மட்டும் அறிக்கையில் எழுதப்படட்டும்.

திரையில் தெரிவதைப் புரிந்துகொள்ள

ஒலி அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும் இடம் வெள்ளையாகவும், திருப்பி அனுப்பாத இடம் கறுப்பாகவும் தெரியும். பித்தமும் இரத்தமும் கறுப்பு. நலமான நாயில் மண்ணீரல் வெளிறியது, ஈரல் அதைவிடக் கறுத்தது, சிறுநீரகத்தின் வெளிப்பகுதி பெரும்பாலும் ஈரலுக்குச் சமமாக அல்லது அதைவிடக் கறுத்து இருக்கும். இந்த ஒழுங்கு குலைந்தால் ‘ஈரல் வெளிறியிருக்கிறது’ என்றோ ‘கறுத்திருக்கிறது’ என்றோ எழுதுவார்கள்.

ஈரல் முழுவதும் ஒரேயடியாக வெளிறியிருந்தால் ஸ்டீரொயிட், கொழுப்பு, நீரிழிவு, நாட்பட்ட அழற்சி, நிணநீர்ப் புற்றுநோய் என எதுவும் காரணமாகலாம். முழுவதும் கறுத்திருந்தால் அழற்சி, இரத்தத் தேக்கம், மறுபடியும் நிணநீர்ப் புற்றுநோய். நிணநீர்ப் புற்றுநோயும் மாஸ்ட் கலக் கட்டியும் ஈரலுக்குள் நிறைந்திருந்தும், ஸ்கேனில் ஈரல் நலமாகவே தெரிவதும் உண்டு. அதனால் ‘ஈரல் சரி’ என்ற அறிக்கையையும் முழுதாக நம்பிவிட முடியாது.

புள்ளிகள், முடிச்சுகள் என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டியவை: எத்தனை, ஈரலின் எந்த மடலில் (பிரிவில்), எவ்வளவு பெரிது, உள்ளே திரவம் நிறைந்த குழி இருக்கிறதா, வயிற்றில் நீர் இருக்கிறதா, மண்ணீரலில் ஏதாவது இருக்கிறதா, நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா. 3 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியும் வயிற்றில் நீரும் சேர்ந்திருந்தால் சந்தேகம் கூடும். நடுவில் வெளிறி, சுற்றிலும் கறுத்த வளையத்தோடு தெரியும் முடிச்சும் சந்தேகத்துக்குரியது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஈரலிலோ மண்ணீரலிலோ அத்தகைய வளைய முடிச்சு தெரிந்தால் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 74 என்று கணித்தார்கள். மீதி 26இல் முடிச்சு வளர்ச்சியும் அழற்சியும் அடங்கும். உங்கள் நாய் அந்த 26க்குள் இருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் மண்ணீரல் கட்டிக்காரர்களுக்கு இது மிக முக்கியம். மண்ணீரலில் இரத்தக்குழாய்ப் புற்றுநோய் இருந்த 79 நாய்களை 2014இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்கொண்டது. சத்திரசிகிச்சையின்போது வயிற்றைத் திறந்து வைத்தியர் தன் கண்ணால் பார்த்தபோதே 58 நாய்களின் ஈரல் நலமாகத் தெரியவில்லை. இழையத்தை (திசுவை) எடுத்துப் பரிசோதித்தபோது, அவற்றில் 29இல் மட்டுமே புற்றுநோய் பரவியிருந்தது. சரிபாதி. வயிற்றைத் திறந்து நேரில் பார்த்த கண்ணுக்கே இந்த நிலை என்றால், திரையில் தெரியும் சாம்பல் புள்ளியை வைத்து எப்படி முடிவெடுப்பது?

ஊசி

ஆகவே ஸ்கேன் அறையை விட்டு வெளியே வரும்முன் கேட்க வேண்டிய கேள்வி இது: “ஊசியால் கலம் எடுத்துப் பார்க்கலாமா, டொக்டர்?” அன்று எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைப் புள்ளிக்குள் செலுத்தி, கலங்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். தடுப்பூசி போடும் ஊசியைவிடப் பெரிதாகத் தடித்ததல்ல. பெரும்பாலான நாய்கள் சிறு மயக்கத்தோடு பொறுத்துக்கொள்ளும். முன்கூட்டியே சிறுதட்டுகளின் எண்ணிக்கையும், முடிந்தால் இரத்தம் உறையும் நேரமும் பார்க்கப்பட வேண்டும். அஸ்பிரின் கொடுத்திருந்தால் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு சில மணித்தியாலம் முரசின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெளிறினால் உடனே திரும்பிப் போங்கள்.

உள்ளே இரத்தம் நிறைந்த குழிகளோடு தெரியும் கட்டி என்றால் வைத்தியர் ஊசி போட மறுக்கலாம். குத்தினால் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டலாம். வருவதும் பெரும்பாலும் இரத்தம் மட்டுமே, நோய் தெரியாது. அந்த மறுப்பு சரியானது. வற்புறுத்தாதீர்கள்.

ஊசி முடிவின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘புற்றுநோய்க் கலங்கள் காணப்பட்டன’ என்று எழுதியிருந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ‘காணப்படவில்லை’ என்பதற்கு அதே பலம் இல்லை. ஊசி நோயுள்ள இடத்துக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பலவகை ஈரல் நோயுள்ள 56 நாய்களில் 17இல் மட்டுமே ஊசி முடிவும் இழையப் பரிசோதனை முடிவும் ஒத்துப்போயின. ஈரலின் அழற்சியை அடையாளம் காண ஊசி பலவீனமானது. கொத்தாகக் கலங்களை உதிர்க்கும் நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு அது நன்றாக உதவும். சந்தேகம் தீராவிட்டால் தடித்த ஊசியால் இழையத் துண்டு எடுப்பது அடுத்த படி. பயொப்சி என்று சொல்வார்கள். வேறு சத்திரசிகிச்சை செய்யப் போவதாக இருந்தால், அப்போதே ஈரலிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செம்பிக்கு ஊசியில் முடிச்சு வளர்ச்சி என்று வந்த பிறகும், வெட்டிய முலைக்கட்டியை முழுதாகப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆறு கிழமையில் ஈரலை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். புள்ளிகள் வளரவில்லை. அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகத் தூங்கினோம்.

சி.ரி., எம்.ஆர்.ஐ.

சி.ரி. உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் எக்ஸ்ரே; எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கும் படம். இரண்டுக்கும் நாய் அசையாமல் கிடக்க வேண்டும், ஆகவே மயக்கம் வேண்டும். சி.ரி.யில் நிறமூட்டும் மருந்தை நாளத்தில் ஏற்றி, அது ஈரலுக்குள் புகும்போதும் வெளியேறும்போதும் படம் எடுப்பார்கள். நுரையீரலில் எக்ஸ்ரேக்கு அகப்படாத சிறு முடிச்சுகளும் தெரியும். எம்.ஆர்.ஐ. தீங்கான முடிச்சையும் தீங்கற்றதையும் பிரித்துக் காட்டுவதில் ஸ்கேனைவிட வல்லது. ஆனால் செலவு மிக அதிகம்.

சி.ரி.க்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தமுள்ள இடம் ஒன்று உண்டு: ஈரலில் ஒரே ஒரு பெரிய கட்டி, அதுவும் ஒரு மடலுக்குள் இருக்கும்போது. நாயின் ஈரலில் ஆறு மடல்கள். ஈரல் கலப் புற்றுநோய் பல நாய்களில் ஒரே மடலில், அதிகமாக இடப்பக்கத்தில், பெருங்கட்டியாக வளரும். பார்த்தவுடன் கை விரிக்கத் தோன்றும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த வகைக்குத்தான் சத்திரசிகிச்சை மிக நன்றாகப் பலனளிக்கிறது. 2004இல் வெளியான ஆய்வில், மடலை வெட்டி எடுத்த நாய்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதி நாய்களாவது உயிரோடிருந்த காலம்) 1,460 நாட்களைத் தாண்டியது. வெட்டாதவற்றில் அது 270 நாட்கள். மூன்று சிறு புள்ளிகளைவிட ஒரு தேங்காய் அளவு கட்டி நம்பிக்கை தரக்கூடும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. கட்டி பெரிய நாளங்களைச் சுற்றியிருக்கிறதா, வெட்ட இடமிருக்கிறதா என்று சொல்லத்தான் சி.ரி. வேண்டும். பல மடல்களிலும் பரவிய நோய் என்று ஊசியில் உறுதியாகிவிட்டால், சி.ரி. எடுத்து அறிவதற்குப் புதிதாக அதிகம் இல்லை.

அறிக்கையும் அதன் பிறகும்

படங்களின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட ஒரு துண்டு போதாது. அளவு குறித்த படங்களையும், முடிந்தால் அசையும் காட்சிகளையும் கைத்தொலைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு வைத்தியரிடம் காட்ட அவை உதவும். அறிக்கையில் ‘பரவல்’ என்று எழுதியிருக்கிறதா, ‘பரவலாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பொறுமையாக வாசியுங்கள். எங்களிடம் வாயால் சொன்னது முதலாவது. பிறகு எடுத்துப் பார்த்தால் தாளில் எழுதியிருந்தது இரண்டாவது.

ஊசி போட முடியாத நிலை, பணமும் இல்லை என்றால், நான்கு முதல் எட்டுக் கிழமையில் அதே கருவியில், இயலுமானால் அதே வைத்தியரிடம், மறுபடி ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள். பழைய படங்களைக் கையில் கொண்டுபோங்கள். வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா, புதிதாக முளைத்திருக்கிறதா என்பது பல வேளை முதல் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். ஆனால் வேகமாக வளரும் புற்றுநோய் ஏற்கனவே உறுதியானது என்றால், காத்திருப்பதற்கான காலத்தை வைத்தியர்தான் குறிக்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது நாய் கறுவலுக்கு முடிவு வேறாக வந்தது. மண்ணீரலிலும் ஈரலிலும் குழிக் கட்டிகள், வயிற்றில் இரத்தம். ஊசி போடவில்லை, வயிற்றிலிருந்து உறிஞ்சிய இரத்தமும் நெஞ்சுப் படமும் போதுமாக இருந்தன. அவனைப் போன்ற நாயை வீட்டில் வைத்திருந்தால், திடீரெனச் சுருண்டு விழுவது, முரசு தாள் போல வெளிறுவது, மூச்சு வாங்குவது, வயிறு பருப்பது ஆகியவை உள்ளே இரத்தம் கசிவதற்கான அடையாளங்கள். இரவில் அப்படி நடந்தால் யாரை அழைப்பது, யாருடைய வாகனத்தில் போவது, மேலே என்ன செய்வது, எப்போது அவனை வேதனையில்லாமல் போகவிடுவது என்பதை அந்த இரவுக்கு முன்பே வைத்தியரோடும் வீட்டாரோடும் பேசி, தொலைபேசி எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.